குறுக்கே வராத நாய்

மூன்று மாதங்களுக்கு முன் இதே பத்தியில் ஒரு நாயைப் பற்றி எழுதியிருந்தேன். ஞாபகமிருக்கிறதா?

பல்லேபொல வீதி. காலை நேரம். திடீரென்று குறுக்கே பாய்ந்த ஒரு செம்மண் நிற நாய். அதைக் காப்பாற்ற ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் வயலுக்குள் இறங்கிவிட்டது. நாயோ திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது... இப்படியெல்லாம் எழுதி, வாயில்லா ஜீவன்கள் மீது அன்பு வேண்டும் என்று கடைசியில் ஒரு நல்ல வரியையும் வைத்து முடித்திருந்தேன்.

நிறையப் பேர் பாராட்டினீர்கள். இறத்தோட்டையிலிருந்து ஒரு வாசகி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருந்தார். தன் வீட்டு நாய்க்குட்டிக்கு என் பெயரை வைக்கலாமா என்று அனுமதியும் கேட்டிருந்தார்.

அம்மா, தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்.

அந்த நாய் வரவே இல்லை. நான் தூங்கிவிட்டேன்.

பத்து வருடமாக வாராவாரம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். சின்னச் சின்ன மிகைப்படுத்தல்கள் உண்டு — இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முழுப் பொய் ஒன்றை எழுதியது அந்த ஒரு வாரம்தான். அதைத் திருத்தாமல் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் பேனா ஓடவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக — எனக்கு ஐம்பத்து மூன்று வயது. உக்குவளையில் வீடு. பல்லேபொலப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மனைவி சாந்தி, வீட்டுக்குக் கிட்ட ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. ஒரே மகள் கல்யாணமாகி வவுனியாவில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

தூக்க விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலையணையில் தலை படவேண்டியதுதான் பாக்கி. பஸ்ஸில் தூங்குவேன். சலூன் நாற்காலியில் தூங்குவேன். மச்சான் மகளின் கல்யாண அல்பத்தில் மூன்றாவது வரிசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவன் நான்தான். என் வயது நண்பர்கள் மாத்திரை போட்டும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்க, "உனக்கு மட்டும் எப்பிடிடா?" என்று கேட்பார்கள். மனசு சுத்தமாக இருந்தால் தூக்கம் தானாக வரும் என்று பெருமையாகப் பதில் சொல்வேன்.

அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் எட்டு மணித்தியாலம் தூங்கி எழும்பினாலும் தலைக்குள் ஈரத் துணியை வைத்து அமுக்கியதுபோல இருக்கும். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரவில் மூன்று நான்கு தடவை எழும்பி பாத்ரூம் போவேன். சீனி வியாதியாக இருக்கும் என்று பயந்து இரத்தம் பார்த்தால், சீனி இல்லை என்றார்கள். பிரஷருக்கு ஒரு குளிசையாக இருந்தது இரண்டானது. கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு தடவை பிழையாகப் போட்டேன். அதைச் சுட்டிக்காட்டிய பிள்ளை மீது எரிந்து விழுந்தேன் — அது பாவம், சரியைத்தான் சொன்னது.

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. வயது போகிறது. ஐம்பது தாண்டினால் இப்படித்தான்.

குறட்டையா? விடுவேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று சாந்தி சொல்வாள். அதைச் சொல்லி விருந்தாளிகள் முன்னால் எத்தனை தடவை சிரித்திருப்போம். நம்மவர்களுக்குக் குறட்டை என்றால் பகிடிதானே? யாராவது அதை நோய் என்று நினைத்திருக்கிறோமா?

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

என் பழைய சின்னக் காரில் தினமும் இரண்டு டீச்சர்மாரையும் ஏற்றிக்கொண்டு போவேன். ஒருவர் சந்திரா டீச்சர். எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கிறார். மற்றவர் ரிஸானா டீச்சர். சின்ன வகுப்புகளுக்குப் பொறுப்பு. கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து, அப்போதுதான் அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. பஸ்ஸில் தள்ளுப்பட வேண்டாம் என்று, காரில் வரும்படி வற்புறுத்தியதே நான்தான்.

இருவரும் பின் ஆசனத்தில். முன் ஆசனத்தில் தவணைப் பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாக. ரேடியோவில் ஏதோ விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. மாத்தளையைக் கடந்தது நினைவிருக்கிறது. பலாபத்வலைச் சந்தியில் திரும்பியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவிருப்பது ஒரு சத்தம்.

இடையில் ஒன்றுமே இல்லை. கனவுகூட இல்லை. கண்ணை மூடிய ஞாபகமும் இல்லை. கண் திறந்தபோது கண்ணாடிக்கு நேரே நெல்லுப் பயிர். கார் ஒரு பக்கமாகச் சரிந்து சேற்றில் நின்றது. பரீட்சைத் தாள்கள் என் மடியில்.

திரும்பிப் பார்த்தேன். சந்திரா டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரிஸானா டீச்சர் இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அழவில்லை. கத்தவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து கதவைத் திறந்தார். "மொகத வுனே மாத்தயா?" — என்ன நடந்தது என்று கேட்டார்.

"பல்லெக் பென்னா" என்றேன்.

நாய் ஒன்று பாய்ந்தது. யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. என் முதல் பொய் சிங்களத்தில் வந்தது. பிறகு தமிழில் எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. அதிபரிடம் சொன்னேன். சாந்தியிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அந்த நாய்க்கு நிறம் வந்தது, வால் வந்தது. கடைசியில் அது ஓடிப்போன திசையைக்கூடக் காட்டினேன்.

அன்று ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தை என்னால் விவரிக்க முடியாது. சந்திரா டீச்சருக்கு நெற்றியில் சின்ன வீக்கம் மட்டும்தான். ஆனால் ரிஸானா டீச்சரை ஸ்கேன் அறைக்குள் கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடியே இருந்தது. யாராவது வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தால் எழும்பி நிற்பேன். அவருடைய உம்மா அவசரமாக வந்து சேர்ந்தார். என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். எனக்கு எதையும் ஓதவும் தைரியம் வரவில்லை. ஆறு வருடம் காத்திருந்த பிள்ளை... அது மட்டும்தான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாயில்லா ஜீவன்டு பாத்தீங்களே மகன். அல்லாஹ் உங்களுக்கு நல்லதத் தருவான்."

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் பத்திக்கு விஷயம் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. புதன்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் நாயை எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது. அதுதான் இருப்பதிலேயே மோசம்.

ஸ்டியரிங் இடித்து என் நெஞ்சில் கன்றியிருந்ததால் அன்று என்னையும் பரிசோதித்திருந்தார்கள். பிரஷர் பார்த்த நர்ஸ் மிஸ் முகத்தைச் சுருக்கிக்கொண்டு இரண்டாம் தடவையும் பார்த்தார். கிளினிக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் போனேன். சாந்தியும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண். என் மகளின் வயதுதான் இருக்கும். பிரஷர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, காலையில் தலை பாரமா, வாய் காய்கிறதா, இரவில் எத்தனை தடவை எழும்புவேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு பார்வையைச் சாந்தியின் பக்கம் திருப்பினார்.

"ஐயா குறட்டை விடுறவரோ?"

நான் சிரிக்கத் தயாரானேன். சாந்தி சிரிக்கவில்லை.

"குறட்டை விட்டா பரவால்ல டொக்டர். குறட்டை நின்னுரும். அதுதான் எனக்குப் பயம்."

அவள் சொல்லச் சொல்ல நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டை திடீரென்று அறுந்துவிடுமாம். மூச்சுச் சத்தமே இருக்காதாம். நெஞ்சு மட்டும் காற்றுக்காக இழுத்து இழுத்து அடங்குமாம். அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்குவாளாம் — ஒன்று, இரண்டு, மூன்று... இருபது தாண்டினால் முதுகில் தட்டுவாளாம். பெரிதாக ஒரு சத்தத்தோடு எனக்கு மூச்சு திரும்புமாம். கண்ணைத் திறக்காமலே மறுபக்கம் புரண்டு படுத்துவிடுவேனாம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"எவ்வளவு காலமா?" என்று டொக்டர் கேட்டார்.

"மூணு வருஷம் இருக்கும்."

மூன்று வருடம். நான் மூன்று வருடமாக நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பக்கத்தில் ஒருத்தி விழித்திருந்து எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்கு அடிக்கடி தலையிடி வருவது தெரியும். கண்ணாடி மாற்றச் சொல்லி நான்தான் புத்தி சொன்னேன்.

டொக்டர் மறுபடியும் என்னிடம் வந்தார். "வாகனம் ஓடேக்கை எப்பவாவது நித்திரை வந்து கண் மூடினதோ?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லையா? கேட்டது டொக்டர். கதவு மூடியிருந்தது. உள்ளே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

"இல்ல டொக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்னால் கார் ஓட்ட வேண்டாம் என்பார். ஓட்டாவிட்டால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். நாய் பொய் என்பது வெளியே வரும். ரிஸானா டீச்சரின் உம்மா பிடித்த கை... பத்திரிகையில் வந்த பத்தி... ஒரு பொய்யைக் காப்பாற்றப் போய் டொக்டரிடமே இன்னொன்றைச் சொல்லிவிட்டேன். அவர் கண்டியில் தூக்கப் பரிசோதனை ஒன்று செய்ய எழுதிக் கொடுத்தார். அதற்கு வரிசை இருந்தது. திகதி கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

கார் கராஜிலிருந்து திரும்பி வந்தது. ரிஸானா டீச்சரும் லீவு முடிந்து வந்தார். மறுபடியும் என்னோடு வரத் தயங்குவார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அப்படித் தயங்கினால் நல்லது என்றும் நினைத்தேன். அவரோ, உங்களோடு வந்தால்தான் பயமில்லாமல் இருக்கிறது சேர் என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறந்து ஏறினார்.

அடுத்த மூன்று வாரமும் நான் கார் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கண்ணோடு சண்டை பிடித்தேன். வாயில் கராம்பு. பொக்கெட்டில் இஞ்சித் துண்டு. குளிரோ மழையோ, என் பக்கக் கண்ணாடி இறங்கியே இருக்கும். கண் சொருகினால் தொடையைக் கிள்ளிக்கொள்வேன். தொடை கருத்துப் போயிருந்ததை சாந்தி கண்டுவிட்டு என்னவென்று கேட்டாள். மேசையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன்.

இரவில் இன்னும் மோசம். படுத்தாலே தூங்குகிற எனக்கு இப்போது படுக்கவே பயம். தூங்கினால் மூச்சு நிற்கும். தூங்காவிட்டால் காலையில் கார் ஓட்ட முடியாது. என்னதான் செய்வது? கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எந்த நேரத்தில் தூங்கினேன் என்றும் தெரியாது.

பிறகு ஒரு வியாழக்கிழமை. மழை விட்டு நல்ல வெளிச்சமாக இருந்த காலை. பின்னால் இருவரும் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சுலபமான பெயராக இருக்கவேண்டும் என்று சந்திரா டீச்சர் சொல்ல, ரிஸானா டீச்சர் சிரித்தது கேட்டது. அடுத்ததாகப் பார்த்தால் வீதியின் இரு பக்கமும் வயல்.

பலாபத்வலைச் சந்தி எங்கே?

கடந்துவிட்டோம். நான்தான் கடந்திருக்கிறேன். பெரிய வீதியிலிருந்து, எதிரே பஸ்ஸும் லொறியும் வருகிற சந்தியில், சிக்னல் போட்டு, வளைத்துத் திருப்பியிருக்கிறேன். எதுவுமே என் நினைவில் இல்லை.

ஒரு கடைக்கு முன்னால் காரை ஓரங்கட்டினேன். எஞ்சின் சூடாகிவிட்டது, ஓடினால் பழுதாகிவிடும் என்றேன் — இதுவும் பொய்தான், ஆனால் இந்த ஒன்றுக்காக நான் வருந்தவில்லை. அடுத்த பஸ்ஸை மறித்து இருவரையும் ஏற்றிவிட்டேன். பஸ் போனதும் காருக்குள் உட்கார்ந்தேன். சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். சாந்திக்குப் போன் எடுத்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. முன்பள்ளிப் பிள்ளைகளைக் கூட இருக்கும் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

முன் ஆசனத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாய் வரவில்லை என்றேன். டொக்டரிடம் சொன்னதும் பொய் என்றேன். இன்று சந்தியைக் கடந்தது தெரியாது என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பின் ஆசனத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கும் ரிஸானா டீச்சர் உள்ளதானே இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"இருந்தாங்க."

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். பிறகு என் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டாள். அவளுடைய தம்பி வந்து காரை வீட்டுக்குக் கொண்டுபோனான். நாங்கள் பஸ்ஸில் போனோம்.

பஸ்ஸில்தான் ஒன்று கேட்டேன். மகளின் அறை காலியாகத்தானே கிடக்கிறது? மூன்று வருடமாக இப்படி விழித்துக் கிடப்பதை விட, அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கலாமே?

"தூங்கியிருக்கலாம்தான்" என்றாள். "அப்பறம் உங்கள யாருங்க தட்டி எழுப்புறது?"



மறு வாரமே கிளினிக்குப் போனோம். என் முறை வந்ததும் டொக்டர் எதையும் கேட்கும் முன்னரே, போன தடவை நான் சொன்னது பொய் என்று தொடங்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னது முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. வேறு யாரையாவது இடித்துவிட்டேனா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் மூச்சை விட்டார்.

"நீங்கள் நித்திரை கொள்ளுறதே இல்லை, ஐயா. இரவு முழுக்க மூச்சுக்கு அடிபட்டுக்கொண்டு கிடக்கிறீங்கள். நான் சொல்லும் மட்டும் வாகனம் ஓட வேண்டாம். ஒரு நாளும் வேண்டாம்."

தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக் குழாயை அடைத்துவிடுகிறதாம். காற்றுப் போகாதபோது மூளை பதறி உலுக்கி எழுப்புகிறதாம். நமக்கு எழும்பிய ஞாபகம் இருக்காது. ஆனால் உடம்புக்கு அது ஓய்வில்லாத இரவு. பிரஷர் குளிசைக்கு மசியாததும், பாத்ரூமுக்கு எழும்பியதும், தலை பாரமும், பிள்ளைகளிடம் எரிந்து விழுந்ததும்... எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று விளக்கினார். இதயத்துக்கும் இது நல்லதல்ல என்றபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. நான் கவனித்தேன். சாந்தியும் கவனித்தாள்.

கண்டியில் ஓர் இரவு தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டித் தூங்க வைத்தார்கள். ரிப்போர்ட்டில் மூச்சு நின்ற இடங்களெல்லாம் கோடு கோடாக இருந்தன. பக்கம் புரட்டப் புரட்டத் தீரவில்லை. டொக்டர் தாமதிக்காமல் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். இப்போது நான் மூக்கில் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு படுக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மெஷின் அதற்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். தொண்டை மூடாமல் அந்தக் காற்று பார்த்துக்கொள்கிறது.

முதல் இரவு கழற்றி எறிந்துவிட்டேன். இரண்டாம் இரவும் பாதியில் கழற்றினேன். சாந்தியும் தூங்கவில்லை. குறட்டைச் சத்தம் இல்லாததால் மூச்சும் இல்லையோ என்று என் மூக்குக்குக் கிட்டக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

ஒரு வாரம் இருக்கும். ஒரு காலை கண் விழித்தபோது ஜன்னலில் நன்றாக வெயில் ஏறியிருந்தது. தலை பாரமில்லை. வாய் காயவில்லை. என்ன வித்தியாசம் என்று புரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். திரும்பிப் பார்த்தால் சாந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் எனக்குப் பிறகு அவள் எழும்பியதை நான் கண்டதில்லை. ஒரு கை தலையணைக்குக் கீழே. முகத்தில் இறுக்கமே இல்லை. எழுப்ப மனம் வரவில்லை. தேத்தண்ணீர் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று இருவருமே வேலைக்குப் பிந்தித்தான் போனோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அந்த நாள் இன்னும் வரவில்லை. மூன்று வருடம், அதற்கு முன்னும் எத்தனை வருடமோ — உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறது என்று தெரியாது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால்கூட, இது சாதாரண மூச்சா வேறு ஏதாவதா என்று நின்று யோசிக்கிறேன். மெஷின் ஓடுகிற நேரத்தில் கரண்ட் போனால்? இப்படியும் ஒரு பயம் இருக்கிறது.

வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். பரவாயில்லை.

இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. சந்திரா டீச்சரிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவர், ரிஸானாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், நான் சொல்லமாட்டேன் என்றார். நான் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வெள்ளிக்கிழமை ரிஸானா டீச்சர் பிரசவ லீவில் போகும் கடைசி நாள். இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

இன்டர்வலுக்குப் பிள்ளைகள் வெளியே போனதும் அவருடைய வகுப்பறைக்குப் போனேன். சின்னக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து ரெஜிஸ்டரை முடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அன்று நாய் வரவில்லை, நான் தூங்கிவிட்டேன். எஞ்சின் சூடானது என்று சொன்ன நாளும் அப்படித்தான். அது தூக்கத்தில் மூச்சு நிற்கிற நோய் என்று கிளினிக்கில் சொன்னார்கள். உங்கள் உம்மாவிடமும் பொய் சொன்னேன்.

அவர் ரெஜிஸ்டரை மூடினார். கை வயிற்றுக்குப் போனது. அந்தக் காலையில் வயலுக்குள் கிடந்தபோது பிடித்திருந்த மாதிரியே.

"ரெண்டு தடவையும் புள்ள உள்ள இருந்திச்சி சேர்" என்றார்.

"இருந்திச்சி டீச்சர்."

"மன்னிச்சேன்டு இப்ப சொல்ல ஏலா. புள்ள பொறக்கட்டும். பொறகு பாப்பம்."

சரி என்றேன். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. திரும்பி வாசல்வரை வந்துவிட்டேன். பின்னால் கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"சேர்... அந்தக் கிளினிக் எந்த நாள்?"

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், மேசையில் இருந்த பென்சில்களை ஒன்றாக அடுக்கிக்கொண்டு பேசினார். அவருடைய கணவர் தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறாராம். கொழும்புவரை போய்த் திரும்புவாராம். வீட்டுக்கு வந்து படுத்தால் பெரிய குறட்டையாம். நடுவில் நின்றும் விடுமாம். சத்தம் நின்றதே என்று சந்தோஷப்பட்டு ரிஸானா டீச்சரும் தூங்கிவிடுவாராம்.

பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கிளினிக் நாள், நேரம், டொக்டரின் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை என் கிளினிக் நாள். சாந்தியோடு போய் உட்கார்ந்தேன். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ரிஸானா டீச்சர். பக்கத்தில் அவர் கணவர். வாட்டசாட்டமான மனிதர், நாற்பது வயதுகூட இருக்காது. கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்; தலை மட்டும் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். ரிஸானா டீச்சர் தோளில் தட்டினார்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் தூங்கல்ல" என்றார்.

நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.